பாஞ்சாலி நிரப்பிய ஏரி

எங்கள் ஊரில் என்னைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குழாயைவிட்டு வெளியே வராது. காவிரியே ஒகேனக்கல்லில் கொஞ்சம் தயங்கி நின்று, "டீச்சரம்மா எழுந்துவிட்டார்களா?" என்று விசாரித்துக்கொண்டுதான் கீழே விழும். சரி, ஊதித்தான் சொல்கிறேன். தண்ணீர் விஷயமாக என்னிடம் ஒரே ஒரு தடவைதான் வந்தார்கள். அதுவும் தண்ணீரைப் பற்றிக் கேட்க வரவில்லை. கூட்டத்துக்கு மேடையில் போட நல்ல நாற்காலி இரண்டு கிடைக்குமா என்று கேட்க வந்தார்கள். கொடுத்தேன். போன நாற்காலி திரும்பி வருமோ வராதோ என்ற கவலையில் நாற்காலியோடு நானும் போனேன். அதனால்தான் பாஞ்சாலியின் கதையை என்னால் எழுத முடிகிறது.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வீட்டுக்கு வருகிற கொஞ்சத் தண்ணீரும் நின்றுவிடும். மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, கடத்தூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண் சொக்குகிற நேரத்தில் எங்கள் ஊர் வந்து போய்விடும். பேரூராட்சி. பஸ் நிலையம் உண்டு. பஸ் மட்டும் அதற்குள் வராமல் வெளியே ரோட்டில் நிற்கும். கிழக்குக் கோடியில் ஏரி உண்டு. அதில் தண்ணீர் கிடையாது. சீமைக் கருவேலம் காடாக நிற்கிறது. செங்கல் சூளைக்கு மண் அள்ளிய பள்ளங்கள் நடுநடுவே கிடக்கின்றன. கரையை ஒட்டி மேட்டில் ஒரு தெரு. ஏரிமேட்டுத் தெரு. அதன் கடைசி வீடு பாஞ்சாலியுடையது.

பாஞ்சாலிக்கு ஐம்பதை ஒட்டி வயதிருக்கும். அவளிடமே கேட்டால் ஒரு நாள் நாற்பது என்பாள், இன்னொரு நாள் அறுபது என்பாள். எதைச் சொன்னால் காரியம் ஆகுமோ அதைச் சொல்வாள். சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். எங்கள் பக்கத்து ஆழ்துளை போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கோடு உண்டு. தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது என்று பிற்பாடு டாக்டர்கள் வந்து சொன்னார்கள். பல்லோடு விட்டால் பரவாயில்லை. அவளுடைய இடது முழங்காலையும் அது பிடித்துக்கொண்டது. மடங்காத காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்துதான் புளி தட்டுவாள். கடத்தூர் மண்டியிலிருந்து மூட்டை வந்து இறங்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கட்டையால் தட்டிக் கொட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். தெருவில் எவனாவது குடித்துவிட்டுச் சலம்பினால், "புளி தட்டற கையிடா இது. ஒண்ணு வெச்சன்னா உனக்கும் கொட்ட வெளிய வந்துரும்" என்பாள். அவன் போய்விடுவான்.

கணவன் மாது போர் வண்டியில் வேலை பார்த்தவன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டி போன இடமெல்லாம் போய் அடுத்தவர் நிலத்தில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அந்தக் கூலியில்தான் ஏரிமேட்டில் வீடு கட்டினான். சொந்த வாசலிலும் ஒரு துளை போட்டுப் பார்த்தான். புழுதி வந்தது, அப்புறம் கல்லுப்பொடி வந்தது, அப்புறம் வண்டிக்காரன் கையை விரித்தான். ஒருமுறை வடக்கே போனவன் காய்ச்சலோடு திரும்பி வந்து படுத்தான். எழுந்திருக்கவில்லை. மகன் வீரமணி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். இப்போது மொரப்பூர் ஸ்டேஷன் அருகே லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

வீரமணிக்குத் தீர்த்தமலைப் பக்கத்தில் பெண் எடுத்தாள். கலைமதி. நர்சிங் ஒரு வருஷம் படித்துவிட்டு நிறுத்திய பெண். கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, "அத்த, தண்ணி எங்க புடிக்கறது?" என்று கேட்டிருக்கிறாள். பாஞ்சாலி தெரு முனையைக் காட்டினாள். அங்கே ஒரு பொதுக்குழாய் இருக்கிறது. மேட்டில் ஏறுவதற்குள் தண்ணீருக்கு மூச்சு வாங்கிவிடும். பெரும்பாலும் காற்றுதான் வரும். அதனால் லாரி வரும். லாரி வந்தால் தெருவே குடத்தோடு பின்னால் ஓடும். நீட்டிய காலோடு பாஞ்சாலியால் ஓட முடியாது. ஆகவே கலைமதி ஓடினாள்.

அவளுடைய முதல் கர்ப்பம் நிற்கவில்லை. லாரிக் கூட்டத்தில் தள்ளுமுள்ளில் கீழே விழுந்தாள். அதனால்தான் போயிற்று என்று டாக்டர் சொல்லவில்லை. வேறு காரணமும் சொல்லவில்லை. இரண்டாவது உண்டானதும் சீக்கிரமே தாய் வீட்டுக்குப் போனாள். பையன் பிறந்தான். பூவரசன் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் கூட்டி வருவது வழக்கம். மூன்று போயிற்று, ஐந்தும் போயிற்று.

"எப்ப கண்ணு வர்ற?" என்று பாஞ்சாலி போனில் கேட்டாள்.

"வர்றன் அத்த. மொதல்ல வாசல்ல கொழா வரட்டும். புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு என்னால லாரி பின்னால ஓட முடியாது."

சண்டை எல்லாம் இல்லை. குரல்கூட உயரவில்லை. என்னிடம் வந்து சொன்னபோது பாஞ்சாலியே, "அவ சொல்றதுல என்னங்க தப்பு டீச்சரம்மா? நானும் இந்த வூட்டுக்கு வந்தப்பவே அப்பிடிச் சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள்.

ஆக, பாஞ்சாலிக்கு வேண்டியது வாசலில் ஒரு குழாய். குழாய் வந்தால் பேரன் வருவான். அவளுக்கு வேறு கணக்குக் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்கு அந்தத் திட்டம் வந்தது. பேனரில், "நம்ம ஊர், நம்ம தண்ணீர், நம்ம திட்டம்" என்று போட்டிருந்தார்கள். அந்தப் பேனரில் நம்ம ஊர் ஆள் ஒருவர் முகமும் இல்லை. வெளியூர் நிறுவனம் ஒன்று ஊர் முழுவதற்கும் தண்ணீர்த் திட்டம் வகுத்துக் கொடுக்கப் போகிறதாம். இன்னும் முப்பது வருஷத்துக்குத் தாங்க வேண்டுமாம். ஆனால் அவர்களாக வகுக்க மாட்டார்களாம். ஊர்க்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டுத்தான் வகுப்பார்களாம். தெருவுக்கு இரண்டு பெண்கள், கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், சூளைக்காரர்கள், விவசாயிகள் எல்லோரும் கல்யாண மண்டபத்துக்கு வர வேண்டும்.

ஏரிமேட்டிலிருந்து யாரும் கிளம்புவதாக இல்லை. போனால் அன்றைக்குக் கூலி போயிற்று. கடைசியில் பாஞ்சாலி பக்கத்து வீட்டு ஜான் பீயைப் பிடித்துக்கொண்டாள். ஜான் பீ ஜாக்கெட் தைக்கிறவள். பேசும்போதுகூடக் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் பேசுவாள்.

"நீ போக்கா. உனக்குத்தான் வாயி இருக்குது" என்றாள் ஜான் பீ.

"உனக்கு மட்டும் என்னடி, வாயில ஊசியா வெச்சிருக்க?"

"ஆமா, ஊசிதான். பேசறப்ப முழுங்கிட்டன்னா யாரு பொறுப்பு?"

"முழுங்கினா கலெக்டர் வந்து பாப்பாரு. அப்பவாச்சும் நம்ம தெருவுக்குக் கொழா வரும். எந்திரி."

இரண்டு பேரும் வந்தார்கள். மண்டபத்தில் கேசரி கொடுத்தார்கள். அதில் முந்திரி இருந்ததாகச் சொன்னவர் அன்றைக்கே நாலு பேர் நடுவில் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. நான் என் நாற்காலிகள் கண்ணில் படுகிற மாதிரி தூண் ஓரமாக உட்கார்ந்தேன்.

கூட்டத்தை நடத்தியது கோகிலவாணி என்ற பெண். நிறுவனத்திலிருந்து வந்தவள். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கமின்மை. மைக்கைப் பிடித்து, "இது உங்க திட்டம். நீங்க சொல்றதுதான் திட்டத்துல இருக்கும்" என்றாள். அதை அவள் நம்பிச் சொன்னாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏரிமேட்டுப் பெண்களிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உடனே கிருஷ்ணப்பன் எழுந்து மைக்கை வாங்கினார். "கவுன்சிலர் சார்புல நான் நாலு வார்த்த பேசிக்கறேன்" என்றார்.

"கவுன்சிலர் வரலீங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"என் சம்சாரந்தாங்க கவுன்சிலர். வந்திருக்குது. உள்ள டீ ஆயிருச்சான்னு பாத்துக்கிட்டு இருக்குது."

நாலு வார்த்தை நாற்பதாக நீண்டது. சாரம் இதுதான்: புதுக் குழாய் அவருடைய அரிசி ஆலை வழியாகப் போனால் ஊருக்கு நல்லது.

அதற்கப்புறம் தரையில் ஊரை வரையச் சொன்னார்கள். கோலப்பொடியில். வீட்டுக்குச் சிவப்பு, ரோட்டுக்கு வெள்ளை, குழாய்க்கு மஞ்சள், தண்ணீர் இருக்கிற இடத்துக்கு நீலம். "இப்ப என்ன இருக்கோ அதை வரைங்க" என்று கோகிலவாணி சொன்னாள். சொல்லும்போதே கிருஷ்ணப்பன் அவளை மஞ்சள் பொடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். ஓட்டல்காரர்கள் இன்னொரு பக்கம் இழுத்தார்கள்.

பாஞ்சாலி கோலத்தில் கைகாரி. மார்கழியில் அவள் வாசலைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஆள் வரும். ஆகவே ஏரியை அவளிடம் கொடுத்தார்கள். காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்தாள். செம்மண்ணை விரல் நடுவே விட்டுக் கரையை வளைத்தாள், மதகு போட்டாள், உபரித் தண்ணீர் போகிற வாய்க்காலை இழுத்தாள். கைக்கு ஒரு நடுக்கம் இல்லை. எல்லாம் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

"என்னக்கா, உள்ள ஒண்ணும் போடாம உட்டுட்ட?" என்றாள் ஜான் பீ.

"உள்ள என்ன இருக்குது போட? முள்ளுதான் இருக்குது."

"அப்ப முள்ளப் போடு."

"எவளாச்சும் கோலத்துல முள்ளு போடுவாளாடி?"

"அப்ப வெறும்னே உடு. அந்தப் பொண்ணு இருக்கறதப் போடச் சொல்லுச்சில்ல?"

பாஞ்சாலி அந்த வெற்று வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெறும் ஏரிய எப்பிடி ஜானு உடறது?" என்றாள். "பொங்கலுக்கு வாசல்ல பானை போடறமே, வெறும் பானையாவா போடறோம்? பொங்கி வழியற மாதிரிதான போடறோம்? மழ இல்லாம அது காஞ்சு கெடக்குது, அது வேற. நம்ம கையால காய வெக்கலாமா? அதும் கல்யாணம் நடக்கற எடத்துல?"

சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "அது ஆவாதுங்க." "ஏரிக்கர அம்மன் பாத்துக்கிட்டு இருக்கா." "நெறையப் போடு, கொறையா உடாத." யார் யாரோ நீலப்பொடிப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் கரையிலிருந்து கரை வரை நீலத்தைத் தூவினாள். மதகு வாயிலும் கொஞ்சம் வழிய விட்டாள். நிறைந்த பிறகு கை சும்மா இருக்குமா? ஒரு மீன் போட்டாள், கரையில் ஒரு கொக்கு போட்டாள். மீனுக்குக் கண் வைக்கிற வேலையை ஜான் பீயிடம் கொடுத்தாள். ஜான் பீ உதட்டிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் வைத்தாள்.

வரைபடம் இருப்பதைச் சொல்லும். கோலம் வேண்டியதைச் சொல்லும். இரண்டையும் ஒரே பொடியில் போடச் சொன்னால் எங்கள் பெண்களுக்குக் கை தானாகக் கோலத்தின் பக்கம்தான் போகும். அது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கோகிலவாணி ஓடி வந்தாள். வியர்த்துப்போயிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு என் நாற்காலி மேல் ஏறி நின்று, மேலிருந்து போட்டோ எடுத்தாள். "சூப்பரா இருக்குக்கா!" என்றாள். நிறுவனத்தின் பொறியாளர் பாஞ்சாலியை மேடைக்கு வரவழைத்துத் துண்டு போர்த்தி, "மக்கள் பங்கேற்புன்னா இதாங்க" என்று மைக்கில் சொன்னார். மண்டபம் கைதட்டியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"கொழா வர்றப்ப வரட்டும். துண்டு வந்துருச்சு" என்றாள் ஜான் பீ.

"வாய மூடுடி. இன்னம் கொஞ்ச நாள்ல என் பேரன் வந்து இந்தத் துண்டுல மூத்திரம் போவான் பாரு."

புரட்டாசியில் மறுபடி கூப்பிட்டார்கள். திட்டம் தயார், எல்லோரும் வந்து பார்த்து ஒப்புதல் சொல்ல வேண்டுமாம். இந்தத் தடவை பொடி இல்லை, திரை கட்டியிருந்தார்கள். விளக்கை அணைத்ததும் திரையில் முதலில் வந்தது பாஞ்சாலியின் ஏரிதான். மண்டபத்துச் சுவர் அளவுக்கு நீலம். நடுவில் மீன்.

"ஜானு, நம்ம ஏரிடி! மீனப் பாரு, உன் கண்ணு!" என்று பாஞ்சாலி கத்தியே விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பொறியாளர் விளக்கினார். ஊருக்கு வருகிற காவிரித் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் போதாது. அதனால் தமக்கென்று தண்ணீர் வைத்திருக்கிற பகுதிகளை விட்டுவிட்டு, இல்லாத பகுதிகளுக்குக் காவிரிக் குழாய் முதலில் போகும். ஏரிமேட்டில் உள்ளூர் நீராதாரம் நிறைந்திருப்பதாக மக்களே தெரிவித்திருக்கிறார்கள். ஆகவே அங்கே காவிரி இப்போது இல்லை. ஏரிக்குள்ளேயே ஒரு போர், மோட்டார், பிளாஸ்டிக் தொட்டி, அதிலிருந்து வீட்டுக்கு வீடு குழாய்.

பாஞ்சாலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், அந்த ஏரில தண்ணி இல்லீங்க."

"படத்துல இருக்குதேம்மா."

"அது நான் போட்டதுங்க சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நாங்க போடலை. நீங்களே போட்டது."

"அது பொடிங்க சார்!"

மறுபடி சிரிப்பு. பாஞ்சாலி சிரிக்கவில்லை, ஜான் பீயும் சிரிக்கவில்லை. கோகிலவாணி திரை ஓரத்தில் நின்றபடி படத்தையும் பாஞ்சாலியையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "சார், ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துரலாம் சார்" என்றாள். பொறியாளர் நல்ல மனிதர்தான். பார்த்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அவர் வருவதாகச் சொன்ன தேதிக்கு முந்தின நாள் மழை பெய்தது. வருஷம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக் கிடந்தோம், வரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது. ஊற்று ஊற்றென்று ஊற்றிவிட்டுப் போயிற்று. ஏரிமேட்டுப் பெண்கள் மழையைத் திட்டியதை அன்றுதான் என் காதால் கேட்டேன். காலையில் பொறியாளர் வந்து கரையில் ஏறினார். மண் அள்ளிய பள்ளங்களில் செந்தண்ணீர் தேங்கிப் பளபளவென்று மின்னிற்று. பெரிய பள்ளத்தில் ஒரு எருமை கழுத்துவரை முங்கி, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தது.

"தண்ணி இல்லைன்னீங்க. எருமை எதுலம்மா படுத்திருக்கு?"

"அது நேத்து மழைங்க சார்" என்றாள் ஜான் பீ. "வர்ற வாரம் வாங்க. எருமையும் எந்திரிச்சுப் போயிரும், தண்ணியும் எந்திரிச்சுப் போயிரும்."

"நல்லாப் பேசறீங்கம்மா" என்று சிரித்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அவர் மறுபடி வரவில்லை.

கோகிலவாணியின் வேலை ஐப்பசியோடு முடிந்தது. ஊரைவிட்டுப் போகும் முன் பாஞ்சாலியைப் பார்க்க வந்தாள். புளி மூட்டைகள் நடுவே உட்கார்ந்து அழுதாள். மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும் பதில் வரவில்லை என்றும் சொன்னாள். "நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்க்கா" என்றாள்.

"நீ ஏன் கண்ணு அழுவற? உங்கூர்ல கோலமே போட மாட்டாங்களா?"

"எங்க அபார்ட்மென்ட்ல ஸ்டிக்கர் ஒட்டுவோம்க்கா."

பாஞ்சாலி புளி தட்டுகிற கட்டையைக் கீழே வைத்தாள். "சரி உடு. அப்ப உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒரு கைப்பிடி புளியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

தையில் ஏரிக்குள் போர் போட்டார்கள். பெய்த மழை கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்ததோ என்னவோ, தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வாசலிலும் சிமெண்ட் கட்டை நட்டு அதில் ஒரு குழாயும் வைத்தார்கள். தண்ணீர் மஞ்சளாக வந்தது, வாயில் வைத்தால் கரித்தது. குடிக்க ஆகாது என்று கலங்கலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் வந்தது. அன்றைக்கே பாஞ்சாலி போன் போட்டாள்.

"கொழா வந்துருச்சு கண்ணு!"

"தண்ணி வருதா அத்த?"

"வருது. மஞ்சளா வருது. ஓட ஓடத் தெளியுமாம்."

"சரிங்கத்த. பையனுக்குச் சளியா இருக்குது. தீர்த்தமலையில மாசித் திருவிழா முடியட்டும், கெளம்பி வந்தர்றேன்."

திருவிழா முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. மோட்டார் ஓடும், தொட்டியில் ஒன்றும் விழாது. அப்புறம் மோட்டாரும் புகைந்து நின்றது. பாஞ்சாலி அதைப் போனில் சொல்லவில்லை. வீரமணியையும் சொல்ல விடவில்லை. லாரி வந்தபோதெல்லாம் நீட்டிய காலை இழுத்துக்கொண்டு, ஜான் பீ ஒரு கை பிடிக்க, வீட்டில் இருந்த டிரம், அண்டா, பொங்கல் பானை எல்லாவற்றையும் நிரப்பி மூடி வைத்தாள்.

பங்குனியில் கலைமதி வந்தாள். பூவரசன் அப்போது நடக்கத் தொடங்கியிருந்தான். தாய் வீட்டில் குழாயைத் திறந்து விளையாடிப் பழகிய பிள்ளை. இடுப்பிலிருந்து இறக்கிவிட்டதும் வேறெங்கும் பார்க்காமல் வாசல் குழாய்க்குத்தான் தத்தித் தத்திப் போனான். கட்டையைப் பிடித்துக்கொண்டு திருகினான். உஸ் என்று காற்று வந்தது. அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. சிரித்தான். சிரித்துவிட்டு உள்ளங்கையைக் குழாய்க்குக் கீழே நீட்டிக் காத்திருந்தான்.

"மத்தியானமா உடுவாங்க" என்றாள் பாஞ்சாலி.

கலைமதி உள்ளே போய் மூடி வைத்திருந்த டிரம்மைத் திறந்து பார்த்தாள். அண்டாவைத் திறந்து பார்த்தாள். மாமியாரின் வீங்கிய முழங்காலைப் பார்த்தாள். "போன்லயே சொல்லியிருக்கலாம் அத்த" என்றாள்.

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அன்று ராத்திரி வீரமணிதான் பேசினான். அரூரில் மாமனாருக்குத் தெரிந்தவர் வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார், மாமனார் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றான். "நீயும் வாம்மா" என்றான்.

"சம்பந்தி வூட்ல போயி எத்தன நாளைக்கிடா உக்காந்திருப்பேன்? போ. போயிப் புள்ளையப் பாரு."

அவர்கள் மூவரும் போனபின் பாஞ்சாலி பேரூராட்சிக்கு நடந்தாள். காவிரிக் குழாய் இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள். பிறகு கணினியில் பார்த்துவிட்டு, ஏரிமேட்டில் வீட்டுக்கு வீடு குழாய் வைத்தாகிவிட்டதால் இரண்டாம் கட்டத்தில் அந்தத் தெரு இல்லை என்றார்கள். நானும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு என் தமிழைப் பாராட்டினார்கள். இப்போதும் லாரி வருகிறது. என் வீட்டுக் குழாயில் வரும் நாட்களில் பாஞ்சாலி ஒரு குடம் பிடித்துக்கொண்டு போகிறாள். அவள் வாசல் கட்டையில் ஜான் பீ வீட்டு ஆட்டைக் கட்டுகிறார்கள்.

அவர்கள் கிளம்பிய காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பஸ் நிலையத்துக்கு வெளியே ரோட்டில் அரூர் பஸ் வந்து நின்றது. பாஞ்சாலி பையைத் தூக்கிக் கொடுத்தாள். பஸ் புறப்பட்டதும் பூவரசன் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி, "ஆயா! ஆயா!" என்று ஒரு கூச்சல் போட்டான் பாருங்கள், டிரைவர் பயந்து பிரேக்கை மிதித்தார். பஸ் ரோட்டின் நடுவே நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே மூக்கைச் சிந்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து...

இந்த இடம்வரை பாஞ்சாலிக்கு வாசித்துக் காட்டினேன். என் வீட்டுப் புளியைத் தட்டிக்கொண்டு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். கை நிற்கவில்லை.

"அந்தக் கடைசிய மட்டும் மாத்திருங்க டீச்சரம்மா" என்றாள். "பஸ்ஸு நிக்கலீங்க. பையன் கூப்புடவும் இல்லீங்க. அவங்கம்மா தோள்ல தூங்கிக்கிட்டு இருந்தான். முழிச்சிருந்தாலும் கூப்புட்டிருக்க மாட்டான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாதுங்களே."